பிரெஞ்சில் 'லெ' எங்கே, 'லுயி' எங்கே?

'அவனை', 'அவனுக்கு' என்பதுபோல் பெயருக்குப் பதிலாக வரும் பிரெஞ்சுப் பதிலிச்சொற்கள் இவை. நிகழ்கால வினைகளைத் திரிக்கத் தெரிந்திருந்தால் போதும், தொடங்கலாம்.

படி 1: "மரீ பியேருக்குப் புத்தகத்தைத் தருகிறாள்." இதில் 'ஐ' ஏற்ற புத்தகம் நேர் செயப்படுபொருள். அதற்குப் பதிலாக ஆண்பாலில் 'லெ', பெண்பாலில் 'லா', பன்மையில் 'லே' வரும். 'கு' ஏற்ற பியேர் மறைமுகச் செயப்படுபொருள். அதற்கு ஒருமையில் 'லுயி', பன்மையில் 'லேர்'. 'லுயி' அவனுக்கும் அவளுக்கும் பொது. 'மெ, தெ, நூ, வூ' (என்னை/எனக்கு, உன்னை/உனக்கு, எங்களை/எங்களுக்கு, உங்களை/உங்களுக்கு) நான்கும் இரண்டு வேலையையும் செய்யும்; அவற்றில் குழப்பமே இல்லை.

படி 2: சறுக்குவது இங்கேதான். தமிழ் உருபை மட்டும் நம்பினால் சில வினைகள் கவிழ்த்துவிடும். "அவளுக்கு உதவுகிறேன்" என்பதில் 'கு' இருக்கிறது. ஆனால் 'எதே' என்ற பிரெஞ்சு வினை நேர் செயப்படுபொருளைக் கேட்கிறது. ஆகவே 'ழெ லெத்' ('லா'வும் 'எத்'தும் சேர்ந்தது) சரி, 'ழெ லுயி எத்' தவறு. நன்றி சொல்லும் 'ரெமெர்சியே', காத்திருக்கும் 'அத்தாந்த்ர்' இரண்டும் இப்படித்தான். எதிர்த்திசையிலும் நடக்கும்: "அப்பாவைப் போல இருக்கிறான்" என்பதில் 'ஐ' இருந்தாலும் 'ரெசாம்ப்ளே' வினைக்கு 'லுயி'தான். 'தெலெஃபோனே', 'ரெப்போந்த்ர்', 'ஒபெயீர்' போன்றவை ('அம்மாவுக்கு ஃபோன் பண்ணு', 'அவனுக்குப் பதில் சொல்', 'அவருக்குக் கீழ்ப்படி') தமிழோடு அப்படியே ஒத்துப்போகும்.

எனவே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பிரெஞ்சு வினைக்கும் ஆளின் பெயருக்கும் நடுவே 'ஆ' என்ற முன்னிடைச்சொல் வருகிறதா? வந்தால் 'லுயி', 'லேர்'. 'ஆ லெ', 'ஆ லே' இரண்டும் 'ஓ' என்று சுருங்கிவிடும். அந்த 'ஓ'வுக்குள் 'ஆ' ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். சொல்லட்டைகளில் வினையை மட்டும் தனியாக எழுதுவது வீண். 'எதே கெல்கன்', 'தெலெஃபோனே ஆ கெல்கன்' என்று வாலோடு எழுதி மனப்பாடம் செய்யுங்கள். 'கெல்கன்' என்றால் 'யாரோ ஒருவர்'.

படி 3: பதிலிச்சொல் வினைக்கு முன்னால் நிற்கும்: 'ழெ லெ வுவா', அவனைப் பார்க்கிறேன். எதிர்மறையில் 'நெ' அதற்கும் முன்னால் போகும்: 'ழெ நெ லெ வுவா பா'. இரண்டு வினை சேர்ந்து வந்தால், அது எந்த வினைக்கு உரியதோ அதன் முன்னால்: 'ழெ வே லெ வுவார்', அவனைப் பார்க்கப் போகிறேன்.

படி 4: இரண்டு பதிலிச்சொற்கள் ஒன்றாக வந்தால் வரிசை இது: மெ, தெ, நூ, வூ, பிறகு லெ, லா, லே, கடைசியில் லுயி, லேர். 'இல் மெ லெ தோன்', எனக்கு அதைத் தருகிறான். ஆனால் 'இல் லெ லுயி தோன்', அவளுக்கு அதைத் தருகிறான். முதலாவதில் ஆள் முன்னே, இரண்டாவதில் பொருள் முன்னே. கட்டளையில் இரண்டும் வினைக்குப் பின்னால் போகும்: 'தோன்-லெ-முவா'. "தராதே" என்றால் பழைய வரிசைக்கே திரும்பும்: 'நெ மெ லெ தோன் பா'.

படி 5: இறந்தகாலத்தில் நேர் செயப்படுபொருள் முன்னால் வந்தால் வினையின் இறந்தகால எச்ச வடிவம் ('பார்த்திசிப் பாசே') பால், எண் இரண்டிலும் அதனோடு இசையும். கடிதம் பெண்பால், எனவே எழுதியதைக் குறிக்கும் 'எக்ரீ' என்பது 'எக்ரீத்' ஆகும். 'லுயி', 'லேர்' வந்தால் எந்த மாற்றமும் இல்லை.

பின்சேர்க்கை: 'ஆ' இருந்தும் 'லுயி' முன்னால் வராத வினை 'பான்சே', அதாவது நினைப்பது. 'ழெ பான்ஸ் ஆ லுயி', 'ழெ பான்ஸ் ஆ எல்' என்றே சொல்ல வேண்டும். 'ஆ'வுக்குப் பின் ஆளுக்குப் பதில் பொருள் வந்தால் 'இ' வரும்: கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன் என்பது 'ழி ரெப்போன்'.