‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா?’ என்று கேட்பதற்கு முன்

புதிதாகக் குழுத் தலைமைக்கு வருபவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. கத்தக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நல்லெண்ணத்தோடு செய்கிற தவறுகள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன.

தன் முடிவைச் சொல்லிவிட்டுக் கருத்துக் கேட்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு நிறுவனத்தில் மென்பொருள் வெளியீடு பற்றிய கூட்டம். “வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்றார் தலைவர். சோதனைப் பிரிவின் இளம்பெண் குறிப்பேட்டைத் திறந்தார், மேசையைச் சுற்றி எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், மூடிவிட்டார். பணம் செலுத்தும் பகுதியை இன்னும் சோதித்து முடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். வெளியீட்டன்று அதுதான் முடங்கியது. “முன்பே ஏன் சொல்லவில்லை?” என்று அவர் மீது பாய்ந்தார்கள்.

எப்படிச் சொல்வார்? மனித இனம் தன் வரலாற்றின் பெரும்பகுதியைச் சிறு கூட்டங்களாக வேட்டையாடியும் உணவு சேகரித்தும் கழித்தது. கூட்டம் ஒதுக்கியவர் தனியே பிழைப்பது அரிது. எல்லாரும் தலையாட்டும்போது மறுத்துப் பேசத் தொண்டை அடைப்பதன் வேர் அங்கே இருக்கலாம். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். உடனிருந்தவர்கள், முன்னேற்பாட்டின்படி, ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். இந்த ஏற்பாடு தெரியாமல் சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அதையே திருப்பிச் சொன்னார்கள். அங்கே மேலதிகாரி இல்லை, பதவி உயர்வு இல்லை, வெறும் கோடுகள்! ஆனால், வேறொருவர் சரியான விடையைச் சொன்னபோதும், விடையைத் தனியே எழுதித் தர விட்டபோதும், இந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, உங்கள் முடிவைச் சொல்வதற்கு முன்பே ஆளுக்கொரு தாள் கொடுங்கள். “இது தோற்றால் எதனால் தோற்கும்?” என்று எழுதி வாங்குங்கள். பிறகு பணியில் இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில்.

குறையைப் பாராட்டுக்குள் பொதிந்து சொல்வது

அடுத்த முறை உண்மையாகவே பாராட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

பலர் முன்னிலையில் திருத்துவது

வேண்டாம். தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கெட்ட செய்தி கொண்டுவந்தவரையே விசாரிப்பது

தனக்குச் சம்பந்தமில்லாத கெட்ட செய்தியைக்கூட உரியவரிடம் முழுதாகச் சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள் என்பதை 1970-இல் சிட்னி ரோசனும் ஆப்ரகாம் டெசரும் ஆய்வில் காட்டினார்கள். அந்தத் தயக்கத்தைத் தாண்டி வந்தவரிடம் “இவ்வளவு தாமதம் ஏன்?” என்று தொடங்காதீர்கள். முதலில் நன்றி. அடுத்து, என்ன நடந்தது என்ற கேள்வி. யாரால் என்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.