உடல்மொழி கற்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நேர்காணல் குழுக்களில் புதிதாக உட்காரப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் நான் விழுந்த அதே குழிகளில் அவர்களும் விழுவதைப் பார்க்கிறேன். போனை நோண்டிக்கொண்டே பேசாதே, முறைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணைப் பார்க்கவில்லை, அதனால் பொய்

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். தப்பாகக் கணிப்பவர் ஒருவர், அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

ஒரு நிறுவனத்தில் ஆள் எடுத்தபோது கூட இருந்தேன். வந்த பெண் அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கணக்குக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னார். ‘படிப்பு முடிந்து ஒரு வருஷம் என்ன செய்தீர்கள்?’ என்றதும் பார்வை கீழே போனது. கட்டைவிரல் கைப்பையின் வாரைத் தேய்க்க ஆரம்பித்தது. ‘வீட்டில் இருந்தேன் சார்’ என்றார். பக்கத்திலிருந்த இளைஞர் ‘எதையோ மறைக்கிறார்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார். பிறகு வெளியே போய் அந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று முறை கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. நான் திரும்பி வந்து சொல்வதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது. அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

அந்த இளைஞர் பார்த்ததில் பிழை இல்லை. ஆனால் தாழ்ந்த பார்வையும் தேய்க்கிற விரலும் மனதில் ஏதோ சங்கடம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எதனால் என்று சொல்லாது. உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்களோ என்று பயப்படுகிறவரும் பொய்யரைப் போலவே தெரிவார். உளவியலாளர் பால் எக்மன் இதற்கு ‘ஒதெல்லோ பிழை’ என்று பெயர் வைத்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மனைவியின் கண்ணீரையும் பயத்தையும் துரோகத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு ஒதெல்லோ அவளைக் கொன்றுவிடுகிறான்.

பொய்யரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்டபோது, அதிகம் பேர் சொன்ன பதில் ‘கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்’ என்பதுதான். ஆனால் பாண்ட், டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 100-க்கு 54 முறைதான். காசைச் சுண்டினாலே 50 வரும். நம் ஊரிலோ பெரியவர்கள் முன்னால் பார்வையைத் தாழ்த்துவது வளர்ப்பு.

சரி, என்ன செய்யலாம்? முதலில் சாதாரணமாகப் பேசுங்கள். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். அவருடைய கையும் கண்ணும் குரலும் இயல்பில் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். அப்புறம் அது எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள். மாறிய இடத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள், ‘அந்த வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் போதும்.

கை கட்டினால் எதிர்ப்பு

முதலில் ஏசி குளிரைப் பாருங்கள். வாத்தியார் முன்னால் கைகட்டி நின்று வளர்ந்தவரா என்றும் பாருங்கள்.

‘பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான்’

பயிற்சி வகுப்புகளில் இதை மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து பிறந்த கணக்கு இது: முகம் 55, குரல் 38, சொல் 7. ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்று கணிக்கிற சூழலுக்கு மட்டும், அதுவும் ஒற்றைச் சொற்களையும் முகப் படங்களையும் வைத்துச் செய்தவை அந்தச் சோதனைகள். எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

கண் வலப்பக்கம் போனால் கற்பனை

இல்லை. கண் போகும் திசைக்கும் பொய்க்கும் தொடர்பு இல்லை என்று 2012-இல் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

வீட்டில் சொல்லிக்காட்டுவது

‘உன் உதடு இறுகுது, கோபமா இருக்கே’ என்று மனைவியிடமோ அம்மாவிடமோ விளக்கம் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்கள் முன்னால் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, ‘இன்னைக்கு என்னாச்சு?’ என்று மட்டும் கேளுங்கள்.