செஸ்டா, அப்ரைட்டா? மின்கணக்கு பிசகும் இடங்கள்

“மேல்மூடி ஃப்ரீசரில் குளிர்காற்று கொட்டாது, அதனால்தான் கரண்ட் மிச்சம்.” மேல்மூடி உள்ள செஸ்டை, முன்கதவு உள்ள அப்ரைட்டோடு ஒப்பிட்டுப் புதிதாக வாங்குபவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் மிச்சத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதில்லை.

கொட்டும் காற்றைப் பெரிதாக எண்ணுவது

200 லிட்டர் ஃப்ரீசரின் காற்று கால் கிலோவைச் சற்றே தாண்டும். மைனஸ் 18 டிகிரியில் இருந்த அத்தனையும் போய் 30 டிகிரிக் காற்று நிரம்பினாலும், வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 4 வாட்-மணி. கூடவே வரும் ஈரம் உறைவதையும் சேர்த்தால் இரட்டிப்பாகலாம். ஒரு லிட்டர் தண்ணீரை அதே 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 வரை உறைய வைக்கவோ, சுமார் 138 வாட்-மணி! கதவை எண்ணி எண்ணித் திறப்பவரே ஆறாத பாத்திரத்தை உள்ளே வைக்கிறார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அப்ரைட்டில் பல ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது பனியைத் தானே அகற்றுபவை. பனியை உருக்க ஹீட்டர், காற்றைச் சுற்ற ஃபேன். இவை தரும் சூட்டையும் கம்ப்ரசரே வெளியே தள்ள வேண்டும். செஸ்டில் பெரும்பாலும் இரண்டுமே கிடையாது. இந்த இரு வகை ஃப்ரீசரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பலனை வடிவத்துக்கு எழுதிவிடுகிறார்கள், எரிச்சலூட்டுவது இதுதான். அதே லிட்டர், அதே டிஃப்ராஸ்ட் (பனி அகற்றும்) முறை, அதே வெப்பநிலை, இவை மூன்றும் பொருந்தாத ஒப்பீடு வீண். இடமில்லாத வீட்டில் செஸ்டைத் திணித்தவருக்கு, கையால் பனி அகற்றும் அப்ரைட்டே போதுமாக இருந்திருக்கும்.

வடிவம் உண்மையில் உதவுவது கேஸ்கெட்டில், அதாவது கதவு ஓரத்து ரப்பரில். அப்ரைட் கதவின் கேஸ்கெட் தளர்ந்தால் கீழ்விளிம்பில் குளிர் வழியும், மேல்விளிம்பில் ஈரக்காற்று நுழையும், 24 மணி நேரமும். செஸ்டில் மூடியின் எடையே ரப்பரை அழுத்துகிறது. காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுங்கள்; தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

லேபிள் வாட்டை 24ஆல் பெருக்குவது

கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். அதனால் இந்தக் கணக்கு மிகையாகும்.

ஒரு மணி நேரம் மட்டும் அளப்பது

மின்செலவை அளக்கும் மீட்டரை 48 மணி நேரமாவது விடுங்கள். இல்லையென்றால் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் கணக்கில் வராமலே போகலாம்.

பனியை வளரவிடுவது

6 மில்லிமீட்டர் ஆனதும் அகற்றுங்கள்.

செஸ்டின் பக்கச் சுவரில் துளையிடுவது

ஃப்ரிட்ஜாக மாற்ற, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பொருத்துபவர்கள் செய்வது. பல செஸ்ட்களில் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர் குழாய் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. குழாய் ஓட்டையானால் பெட்டியே போயிற்று. உள்ளே குளிர்பொருளாக ஐசோபியூட்டேன் இருந்தால் அது தீப்பற்றும் வாயு. மெல்லிய சென்சார் வயரை மூடி ரப்பருக்கு அடியில் கொண்டுபோங்கள்.