பெரிய கூடாரம், குட்டை மேல்விரிப்பு: குடும்பத்தோடு முகாமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்ராறியோவில் மே மாதம் பிறந்ததும், முதன்முறையாகக் குடும்பத்தோடு முகாமிடப் போகிறவர்கள் கடைகளில் அடுக்கிவைத்த கூடாரப் பெட்டிகளின் முன்னால் நின்று, விலையையும் பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். தொடக்க காலத்தில் நான் எவற்றைக் கவனிக்காமல் விட்டேனோ, அவற்றையே அவர்களும் விடுகிறார்கள். சுத்தியலை மறந்துவிட்டுப் போவது, கைவிளக்குக்குப் பற்றரி எடுக்காமல் போவது போன்றவற்றை ஒரு முறை பட்டால் எவரும் திருத்திக்கொள்வர். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. வாங்கும்போதே நேர்ந்து, பின்னர் எவ்வளவு செலவழித்தாலும் முழுமையாகத் திருத்த முடியாத தவறுகளே இங்கு வேண்டியவை. காரில் சென்று இறங்கி, ஜூன் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் மாகாணப் பூங்காக்களில் இரண்டு மூன்று இரவுகள் தங்குகின்ற, ஐந்தாறு பேர் கொண்ட, பணத்தை எண்ணிச் செலவிட வேண்டிய குடும்பங்களை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

பெட்டியில் அச்சிட்ட ஆள் எண்ணிக்கை

ஆறு பேருக்கானது என்று எழுதியிருந்தால், ஆறு பேர் தோளோடு தோள் உரச, ஒரு பையைக்கூட உள்ளே வைக்காமல் படுக்கலாம் என்று பொருள். அதிலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. காற்று மெத்தை கொண்டுபோகிறவர்கள் அந்தக் கழித்தலையும் நம்பக் கூடாது. குயீன் அளவு மெத்தை 5 அடி அகலமும் 6 அடி 8 அங்குல நீளமும் உடையது. 10 அடிக்கு 9 அடி தரையுள்ள கூடாரத்தில் இரண்டு மெத்தைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டால் 10 அடியும் நிரம்பி, கால்மாட்டில் 2 அடி 4 அங்குலம் மட்டுமே எஞ்சும். அந்த இடைவெளியில் பைகளும் செருப்புகளும் இருக்கும். ஐந்தாவது ஆளுக்கு இடமிராது. சுவர் சரிந்து இறங்கும் குவிமாட வடிவக் கூடாரமாயின், உயரமான மெத்தையின் ஓரம் சுவரை முட்டி, இரவில் அங்கே படிகின்ற நீரைப் போர்வை உறிஞ்சிக்கொள்ளும். கடைக்குப் போகுமுன் தரையையும் மெத்தைகளையும் ஒரே அளவுத்திட்டத்தில் தாளில் கீறிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடமே ஆகும்.

குட்டை மேல்விரிப்பு

எத்தனை முறை சொன்னாலும் மக்கள் கேளாமல் செய்கின்ற, இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகின்ற தவறு இதுவே.

விலை மலிவான பெரிய கூடாரங்களில் பெரும்பாலானவை அறை வடிவத்தில் நேர்ச்சுவர்களோடு உயரமாக நிற்பவை. அவற்றின் கூரை வலைத்துணியால் ஆனது. அந்த வலையின் மேல் ரெயின்ஃபிளை எனப்படும் மழை மேல்விரிப்பைப் பூட்ட வேண்டும். பெரிய கூடாரத்துக்குத் தரைவரை இறங்கும் மேல்விரிப்பைத் தைப்பதற்குக் கிட்டத்தட்ட இன்னொரு கூடாரத்துக்கான துணி வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே, தலைக்குத் தொப்பி போட்டதுபோல, கூரையையும் சுவரின் மேற்பகுதியில் ஓரடியையும் மட்டும் மூடுகின்ற விரிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சிய சுவர் முழுவதும் ஒற்றைத் துணி. அதில் யன்னல்கள், சிப்புகள், தையல்கள் எல்லாம் வெளிப்பட்டு நிற்கும். பெட்டியில் உள்ள படத்திலோ யன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் இங்கே பெய்கின்ற மழையில் கணிசமானது இடியோடும் காற்றோடும் வருவது. அது நேராக விழுவதில்லை. குளக்கரையில் சுவரின் மேல் சாய்ந்து அடிக்கும். சுவர்த் துணிக்கு நீர் தடுக்கும் பூச்சு இருக்கலாம். ஆனால் ஊசி குத்திய ஒவ்வொரு தையலும் ஒரு துளை வரிசை. யன்னல் மடிப்பின் கீழ்விளிம்பிலும் கதவின் சிப்பிலும் நீர் புகும். உட்சுவரில் வழிந்து இறங்கும் அந்த நீரைத் தரைத்துணியின் நிமிர்ந்த ஓரங்கள் உள்ளேயே தேக்கிவைக்கும். வெளி நீரைத் தடுப்பதற்காகத் தைத்த அந்த ஓரங்களே அப்போது எதிரியாகின்றன.

நண்பர் ஒருவர், பத்துப் பேருக்கானது என்று பெட்டியில் எழுதிய கூடாரம் ஒன்றைக் கழிவு விலையில் வாங்கி, கில்பெயார் பூங்காவில் எங்களுக்கு அடுத்த முகாம் தளத்தில் விரித்தார். 1995 இடப்பெயர்வின் பின் வன்னியில் தறப்பாளின் கீழ் மாரி மழையைக் கழித்தவரான அவருடைய மாமியார், கதிரையில் இருந்தபடி அந்த வேலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "தம்பி, மேலால வாற மழைக்கு இது காணும். பக்கத்தால வாற மழைக்கு என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டார். மருமகன் சிரித்துவிட்டு, இது கனடாவில் விற்கிற சாமான் என்றார். நள்ளிரவுக்குப் பின் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து காற்று எழுந்து மழையைச் சுவரில் அறையத் தொடங்கியபோது, பிள்ளைகளின் படுக்கைப் பைகள் நனைந்து, எல்லாரும் காருக்குள் இருந்து விடியலைப் பார்க்க வேண்டியதாயிற்று. கோடைகால வார இறுதியில் பரி சவுண்டில் விடுதி அறை தேடியும் கிடைக்காததால், மறுநாள் காலையே வீடு திரும்பினார்கள்.

வானிலை அறிவிப்பைப் பார்த்துப் போனால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்னரே திறக்கிறது. பெயர்பெற்ற பூங்காக்களின் வார இறுதிகள் அன்று காலையிலேயே தீர்ந்துவிடுகின்றன. மார்ச் மாதத்தில் ஓகஸ்ட் மழையை எவரும் அறிய முடியாது. எடுத்த நாளுக்கு எந்த வானிலை வாய்க்கிறதோ அதனையே ஏற்க வேண்டியிருப்பதால், கூடாரத்தை மழைக்கென்றே வாங்க வேண்டும்.

குட்டை விரிப்பின் தீமை மழையோடு முடிவதில்லை. மழை வந்ததும் யன்னல்களை எல்லாம் மூட வேண்டியிருக்கும். ஐந்து பேரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த ஒற்றைச் சுவரில் நீராகப் படியும். காலையில் சுவர் நனைந்திருப்பதைக் கண்டு கூடாரம் ஒழுகியது என்று முறையிடுகிறவர்களில் சிலர் உண்மையில் பார்ப்பது தங்கள் மூச்சைத்தான். தரைக்கு அருகில்வரை இறங்கும் மேல்விரிப்பு இருந்தால், உள் யன்னலைச் சற்றுத் திறந்துவைக்கலாம். ஈரம் வெளியேறி விரிப்பின் உட்புறத்தில் படிந்து, படுப்பவர்மேல் படாமல் கீழே வழியும். செப்டெம்பரில் அல்கொன்குயின் பூங்காவில் உறைநிலையை நெருங்கும் இரவுகளில் குளிர்காற்றையும் அது தடுக்கும்.

"மேலே ஒரு தறப்பாளைக் கட்டினால் சரிதானே" என்பதே வழக்கமான சமாதானம். பதினைந்து அடி நீளமான கூடாரத்தைச் சுவரோடு மூடுவதற்கு அதைவிடப் பெரிய தறப்பாளும், கயிறும், வேண்டிய இடத்தில் மரங்களும், மரங்கள் இல்லாதபோது தனிக் கம்பங்களும் வேண்டும். சாய்ந்து அடிக்கும் மழையைத் தடுக்கும் அளவுக்கு அதைத் தாழ்வாகக் கட்டினால் காற்று அதைக் கப்பற்பாயாக்கிப் பிடுங்கும். கூடாரத்தின் மேலேயே போட்டுவிட்டால், இரவு முழுவதும் அடித்துக்கொண்டிருப்பதோடு, ஈரம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். இவற்றுக்கெல்லாம் கொடுக்கும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், முதலிலேயே முழு விரிப்புள்ள கூடாரத்தை வாங்கியிருக்கலாம். அதே பணத்துக்கு முழு விரிப்புள்ளதாகக் கிடைப்பது ஓரளவு சிறியதாக இருக்கும் என்பது உண்மை. அப்படியானால் சிறியதையே வாங்குங்கள் என்பதுதான் என் பதில்.

கடையிலோ இணையத்திலோ பார்க்கும்போது, மேல்விரிப்புப் பூட்டிய நிலையில் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். விரிப்பின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இருந்தால் தயங்க வேண்டும். சுவரின் பாதி தெரிந்தால் விட்டுவிட வேண்டும். கதவைத் திறக்கும்போது வாசலின் மேல் விரிப்பு நீண்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையெனில், மழையில் ஒருவர் கழிவறைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் நீர் உள்ளே கொட்டும். நீர் தாங்கும் திறனைச் சில நிறுவனங்கள் 1,500 அல்லது 3,000 மில்லிமீற்றர் என்று குறிப்பிடும். துணியின் மேல் எவ்வளவு உயரமான நீர்நிரல் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அந்த எண். 1,500 எனக்குப் போதுமானது. ஆனால் அது துணியைப் பற்றி மட்டுமே பேசும். தையலைப் பற்றியோ விரிப்பின் நீளத்தைப் பற்றியோ எதுவும் சொல்லாது. தையலின் உட்புறத்தில் பளபளப்பான நாடா ஒட்டியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். நாடா இல்லாத இடங்களில் தையல் பசை பூசலாம். பொலியூரத்தேன் பூச்சுள்ள துணியில் சிலிக்கன் பசை ஒட்டாது என்பதால், பொருத்தமானதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கெனவே குட்டை விரிப்புள்ளதை வாங்கியவர்கள், தையல்களுக்குப் பசை பூசி, கூடாரத்தின் ஒடுங்கிய பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி விரித்தால் ஓரளவு தப்பலாம். ஓரளவுதான்.

நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு ஆசைப்படுதல்

ஆறரை அடி உயரமும் நேர்ச்சுவரும் உடை மாற்றுவதற்கு வசதியானவை. முதியவர்களுக்கு அது தேவையும்கூட. அந்தச் சுவரை மெல்லிய கண்ணாடியிழைத் தடிகள் தாங்கும்போது, கூடாரத்தை நிலத்தோடு இழுத்துக் கட்டும் இழுகயிறுகளைக் கட்டாமல் விடுவது தடி பிளப்பதற்கு வழி. கயிறுகள் பையில் சுற்றியபடியே கிடக்கும் கூடாரங்களை ஒவ்வொரு பூங்காவிலும் பார்க்கலாம். கூடாரத்தோடு தருகின்ற கம்பி முளைகள் சான்ட்பாங்ஸ் பூங்காவின் மணலில் நிற்காது. கில்பெயாரின் பாறைத் தளங்களில் இறங்கவே இறங்காது. மணலுக்கு நீளமான, அகன்ற முளைகளைத் தனியே வாங்க வேண்டும். பாறையில் கயிறுகளைக் கனமான கற்களில் கட்ட வேண்டும். 2022 மே 21 அன்று, விக்ரோறியா தின வார இறுதியில் தெற்கு ஒன்ராறியோவைத் தாக்கியது போன்ற புயலுக்கு எந்த விலைக் கூடாரமும் நிற்காது. அத்தகைய எச்சரிக்கை கைபேசிக்கு வந்தால், கூடாரத்தைக் காப்பாற்ற நினையாமல் குளியலறைக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

தளத்தை அளக்காமல் வாங்குதல்

கூடாரத்தின் நீளத்தோடு இழுகயிறுகளுக்குப் பக்கத்துக்கு மூன்றடியும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மரங்களுக்கும் வேர்களுக்கும் நடுவே அவ்வளவு சமதரை எல்லாத் தளங்களிலும் இல்லை. ஒரே தளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடாரங்களை விரிக்க விதிகள் இடமளிப்பதால், ஐந்தாறு பேர் போகும்போது நடுத்தர அளவில் இரண்டு கூடாரங்கள் எடுப்பதே என் விருப்பம். குறட்டை விடுகிறவர்களைப் பிரித்துவைக்கவும் அது உதவும்.

உடனே விரியும் கூடாரம்

தடிகளை முன்பே பூட்டிய கூடாரம் சில நிமிடங்களில் எழுந்து நிற்கும் என்பது மெய். மடித்தாலும் பெரும்பாலும் நான்கு அடியளவு நீளமான பொதியாக இருக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஐந்து பேர் ஏறிய காரின் பின்பகுதியில் அது குறுக்கே போகுமா என்று அளந்து பாருங்கள். ஒரு மூட்டு உடைந்தால், சாதாரணத் தடியை மாற்றுவதுபோல இலகுவாக மாற்றவும் முடியாது.

திரை அறையைச் சமையலறையாக எண்ணுதல்

வலைத்துணியால் ஆன முன்னறையுள்ள கூடாரம் நுளம்புக் காலத்தில் பெரும் உதவி. நம்மவர்கள் பலர் அதை வாங்குவது, அங்கே அடுப்பை வைத்துக் கோழிக்கறி சமைக்கலாம் என்ற எண்ணத்தில். ஒன்ராறியோவின் பூங்காக்கள் பலவற்றில் கருங்கரடிகள் உண்டு. உணவின் மணம் படிந்த துணிக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்கவைக்கக் கூடாது. எரிவாயு அடுப்பிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு மணமே இல்லாமல் கொல்லக்கூடியது. கூடாரத் துணி தீப்பிடித்தால் வெளியேறக் கிடைப்பது நொடிகளே. சமையல் திறந்த வெளியில், உணவுப் பெட்டி இரவில் காருக்குள். முன்னறை கதிரைகளுக்கும் சீட்டாட்டத்துக்கும் இருக்கட்டும்.

தரையில் விரிக்கும் தறப்பாள்

கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே ஓரங்குலமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரை ஏந்திக் கூடாரத்தின் அடியில் சேர்க்கும்.

ஈரத்தோடு மடித்துவைத்தல்

பூஞ்சணம் பிடிக்கும். பூச்சு உரியும். மாடத்திலாவது காயவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் காலத்தைத் தவறவிடுதல்

பருவம் முடியும்போது விலை குறையும் என்று செப்டெம்பரில் வாங்கி, அடுத்த ஜூனில் பூங்காவில்தான் பெட்டியை முதன்முதலாகத் திறக்கிறார்கள். அதற்குள் கடை திருப்பி எடுக்கும் காலம் கடந்துவிட்டிருக்கும். வாங்கிய வாரமே சொந்த வளவிலோ, வளவுள்ள நண்பரின் வீட்டிலோ விரித்து, யன்னல்களை மூடி, தோட்டக் குழாயால் முதலில் மேலிருந்தும் பின்னர் நாற்புறச் சுவர்களிலும் பத்து நிமிடம் நீரடித்துப் பாருங்கள். அப்போது ஒருவர் உள்ளே இருந்து, நீர் எங்கே புகுகிறது என்று தையல்களையும் மூலைகளையும் காகிதத் துவாயால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓரிரு தையல்களில் மட்டும் கசிந்தால் பசை பூசிவிட்டு மீண்டும் அடித்துப் பார்க்கலாம். சுவர் முழுவதும் வழிந்தால், காயவைத்து மடித்து, பற்றுச்சீட்டோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.