நீலமாக மறுத்த குப்பி: என் அனுபவம்

மலையூரான தாண்டிக்குடியில் மூட்டம் விலகாத நாள்களில், களத்தில் காயும் காப்பிக்கொட்டையில் பூஞ்சணம் ஏறினால் ஓக்ராடாக்சின் ஏ என்னும் நச்சு உண்டாகக்கூடும் என்பதால், அதைக் கண்டறிய 36 நியூக்ளியோடைடுகள் கொண்ட டிஎன்ஏ ஆப்டமரையும் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் குட்டை இழை) தங்க நானோதுகள்களையும் (மிக நுண்ணிய தங்கத் துகள்கள்) வைத்து ஓர் எளிய சோதனையை அமைத்தேன். நச்சு இல்லையெனில் தளர்ந்த ஆப்டமர் துகள்களைப் போர்த்திக்கொள்வதால், உப்பிட்டாலும் கரைசல் சிவப்பாகவே இருக்கும். நச்சு இருந்தால் ஆப்டமர் அதைப் பற்றிச் சுருண்டுகொள்ள, போர்வை இழந்த துகள்கள் உப்பில் திரண்டு நீலமாகும். எனக்கோ, நச்சைத் தெரிந்தே சேர்த்த குப்பியும் செக்கச்செவேலென்றே நின்றது.

மலைக்குளிரை இரண்டு வாரம் வீணாகச் சந்தேகித்தேன். ஆப்டமரைக் கரைக்கவும் நீர்க்கவும் ஈடிடிஏ என்னும் வேதிப்பொருள் கலந்த தாங்கல் கரைசலையே (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) பயன்படுத்தியிருந்தேன் என்பது குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. இந்த ஆப்டமர் நச்சைப் பற்றுவதற்குக் கால்சியமோ மக்னீசியமோ வேண்டும். ஈடிடிஏ அவற்றைக் கவ்விக்கொள்ளும். அதனால்தான் ஆப்டமர் நச்சைப் பற்றாமல் துகள்களையே போர்த்தி நின்றது.

புதிய ஆப்டமரைத் தூய நீரில் கரைத்து, 95 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு, சிறிதளவு கால்சியம் சேர்ந்த தாங்கல் கரைசலில் முதலில் நச்சுடன் கலந்து, பின்னரே தங்கத் துகள்களைச் சேர்த்தேன். கால்சியம் மிகுந்தால் அதுவே துகள்களைத் திரட்டிப் பொய்நீலம் காட்டும் என்பதால், நச்சில்லாத குப்பி ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். உப்பிட்டதும் நச்சுள்ள குப்பி ஊதாவாகிப் பின் நீலமாயிற்று. மற்றது சிவப்பிலேயே நின்றது. நிறமாற்றத்தை மறைக்கும் காப்பிச் சாற்றின் பழுப்பை நீக்குவது இனித்தான்.