அபாய பீக்கன் வாங்குமுன்: தரைக்கு எது, கடலுக்கு எது?

அபாய பீக்கன் என்பது ஆபத்தில் மீட்பு கேட்டு ரேடியோ சைகை அனுப்பும் சிறு கருவி. அதை இயக்கியதும் 406 மெகாஹெர்ட்ஸில் அபாயச் சைகை கிளம்பும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துத் தரைநிலையத்துக்கு இறக்க, அங்கிருந்து மீட்பு மையத்துக்குத் தகவல் போகும். இதற்கு மாதச் சந்தா கிடையாது. குறுஞ்செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசஞ்சர் வேறு ரகம். பெரும்பாலும் சந்தா கட்டினால்தான் வேலை செய்யும்.

படி 1: வகையை முடிவு செய்யுங்கள். மலையேற்றம், காட்டுப் பயணம் என்றால் உடலோடு வைத்துக்கொள்ளும் தனிநபர் பீக்கனான பிஎல்பி (PLB) போதும். குறைந்தது 24 மணி நேரம் சைகை அனுப்பும். படகுக்கு ஈபிர்ப் (EPIRB) என்ற கடல் பீக்கன் வேண்டும். 48 மணி நேரம் தாங்கும், தண்ணீரில் ஆன்டெனா மேலே இருக்கும்படி தானே மிதக்கும். பிஎல்பி மிதந்தாலும் ஆன்டெனா நிமிர்ந்து நிற்காது. அலையில் அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கடலில் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஈபிர்பை வாங்கிவிட்டு, கூடுதலாக ஆளுக்கொரு பிஎல்பியை லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுவது நல்லது.

படி 2: ஜிபிஎஸ் உள்ளதையே எடுங்கள். இருந்தால் சுமார் 100 மீட்டருக்குள் இடம் தெரியும். இல்லாவிட்டால் தேடும் வட்டம் சில கிலோமீட்டராக விரியும். 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய கருவி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. புதிய பீக்கன்களில் அது இருப்பது, அருகே வந்துவிட்ட மீட்புக் குழு உங்களை நெருங்குவதற்காக.

படி 3: ஈபிர்ப் என்றால் தானே விடுபடும் கூடு உண்டா என்று பாருங்கள். படகு மூழ்கும்போது 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தம் பூட்டை விடுவிக்கும். பூட்டுப் பகுதியை வழக்கமாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கூரைக்கு அடியில் பொருத்தினால் விடுபட்ட பீக்கன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மேலே தடையில்லாத இடமாகப் பாருங்கள்.

படி 4: பேட்டரி காலாவதித் தேதியைக் கடையிலேயே படியுங்கள். வெகுநாள் அலமாரியில் கிடந்த கருவிக்கு ஆயுள் பாதி போயிருக்கலாம்.

படி 5: பதிவு செய்யுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பீக்கனில் 15 இலக்க அடையாள எண் அச்சாகியிருக்கும். அதோடு உங்கள் பெயர், படகு விவரம், பயணத் திட்டம் தெரிந்த இரண்டு பேரின் தொலைபேசி எண்களைக் கொடுங்கள். சைகை வந்ததும் மீட்பு மையம் அழைப்பது அவர்களைத்தான். வெளிநாட்டில் வாங்கிய பீக்கனில் அந்த நாட்டுக் குறியீடு இருக்கும். உங்கள் நாட்டுக்கு மாற்றியெழுத முடியுமா என்று வாங்குமுன்பே கேளுங்கள்.

சோதிக்க டெஸ்ட் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். ஜிபிஎஸ் சோதனை பேட்டரியைத் தின்னும், கையேடு சொல்லும் எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள். நிஜ ஆபத்தில் ஆன்டெனாவை முழுதாக நீட்டி, திறந்த வானத்தின் கீழ் செங்குத்தாக வையுங்கள். ஜிபிஎஸ் பகுதியைக் கை மறைக்கக் கூடாது. மீட்பவர்கள் சொல்லும்வரை அணைக்காதீர்கள். தவறுதலாக இயங்கிவிட்டால் உடனே அணைத்து, மீட்பு மையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.