சாந்தியாகோ பாதயாத்திரைக்கு எவ்வளவு ஸ்பானிஷ் வேண்டும்?

ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்பொஸ்தேலா என்ற கிறிஸ்தவப் புனித நகருக்கு நடந்து போகிறவர்கள் இலக்கண புத்தகத்தைத் தேட வேண்டாம். சிற்றூர்களில் ஆங்கிலம் எப்போதும் கைகொடுக்காது என்பது உண்மைதான், ஆனால் தேவைப்படுவது சில வாக்கியங்களே.

முதலில் படுக்கை. யாத்ரீகர் விடுதிக்குப் பெயர் அல்பெர்கே. வாசலில் "ஆய் உனா காமா பாரா எஸ்தா நோச்சே?" என்று கேளுங்கள், இன்றிரவுக்குப் படுக்கை இருக்கிறதா என்று பொருள். பதிலில் விலையும் நேரமும் வரும். அதனால் எண்களை, சொல்ல மட்டுமல்ல, காதால் கேட்டுப் புரியும் அளவுக்குப் பழகுங்கள்.

சைவர்களுக்குச் சாப்பாடுதான் பெரிய பாடு. "சின் கார்னே" (இறைச்சி வேண்டாம்) என்றால் மட்டும் போதாது. 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற சாலட்டில் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். "சின் ஆதூன், சின் ஹமோன்" என்று சூரையையும் பன்றித் தொடைக்கறியையும் பெயர் சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

காலில் கொப்புளமா? பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் "தெங்கோ அம்போயாஸ்" என்று காலைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். அப்புறம், எதிர்ப்படும் எல்லோருக்கும் ஒரு "புவென் கமினோ!" (பயணம் நல்லபடி அமையட்டும்!)